பட்ஜெட் என்னும் தோற்பை

இந்திய அரசியல் சாசனத்தின் 112-ஆவது ஷரத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள், ஒவ்வோர் ஆண்டும் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டிய வரவு செலவு மதிப்பீட்டைப் பற்றி அதிலே விரிவாகச் சொல்லியிருப்பதைக் காண்பார்கள். ஆனால், அந்த மதிப்பீட்டை டெல்லி காரியாலயங்களிலிருந்து தெருமுனை டீக்கடை வரையில் எல்லோரும் எந்தப் பெயரால் வழங்கி வருகிறார்களோ, அந்தப் பெயரை மட்டும் அங்கே காணமாட்டார்கள். 'வருடாந்தர நிதி அறிக்கை' என்ற கௌரவமான நாமதேயத்தை அதற்குச் சூட்டிவிட்டுச் சாசனம் மேலே நடந்துவிடுகிறது. பட்ஜெட் என்ற சொல்லின் பூர்வோத்தரத்தைத் துருவிப் பார்த்தவர்களுக்கோ, அவ்வளவு பெரிய சபையில் சம்மானத்துடன் அமர்வதற்குரிய குலப்பெருமை அதற்கு உண்டா என்றே சந்தேகம் தோன்றும். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவனின் தோளிலும், நீதிக் கதையில் வரும் நரியின் மூளையிலும், சந்தை மேடையில் நின்று சர்வரோக நிவாரணி விற்ற போலி வைத்தியனின் கையிலும் காலங்கழித்துவிட்டு, பிற்பாடு ஒரு நாள், பிரதம மந்திரி ஒருவரைப் பரிகாசம் செய்வதற்கென்றே அரசியலுக்குள் இழுத்து வரப்பட்ட சொல் அது.

சொல்லின் ஆதி இருப்பிடம் கல்லியா நாடு. இன்றைய பிரான்ஸும் அதை ஒட்டிய பிரதேசங்களும் சேர்ந்த பூமிக்கு ரோமானியர் வழங்கிய பெயர் அது. அங்கே வாழ்ந்த கெல்டிக் இனத்தார் தோலால் தைத்த பைக்குச் சொல்லி வந்த ஒரு சொல்லை ரோமானியர்கள் காதில் வாங்கி, தங்கள் லத்தீனில் 'புல்கா' என்று சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, அங்கதக் கவிதைக்குப் பேர்போன லூஸிலியஸ் அதைத் தம் கவிதையில் எடுத்தாண்டிருக்கிறார். பின்னால் வந்த ஃபெஸ்டஸ் என்ற பாஷாபண்டிதர், கல்லியர்கள் தோற்பையை இப்படித்தான் சொல்வார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். ஆகவே, பட்ஜெட்டுக்கு லத்தீன் மூலம் என்று நாம் சொல்லும்போது, அந்த லத்தீனே அயல் வீட்டில் கடன் வாங்கியது என்பதையும் கூடவே சொல்லிவிடுவதுதான் நியாயம். கல்லியரின் பாஷை காலப்போக்கில் மறைந்துபோயிற்று. ஆனால், அதற்கு உறவான ஐரிஷ் மொழியில் 'போல்க்' என்ற சொல் வயிற்றையும் பையையும் குறித்து இன்றும் வழங்குகிறது. அயர்லாந்தின் புராணங்களில் 'ஃபிர் போல்க்' என்று ஒரு பூர்வ ஜாதியார் வருகிறார்கள்; கிரேக்க தேசத்தில் அடிமைகளாக இருந்த காலத்தில் பை பையாக மண் சுமந்து கொட்டிப் பாறைகளை விளைநிலமாக்கினார்களென்றும், அதனாலேயே 'பைக்காரர்கள்' என்ற பெயர் அவர்களுக்கு வந்ததென்றும் அங்கே ஐதிகம் உண்டு. புராணம் சொல்லும் பெயர்க் காரணத்தை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. நம்முடைய ஸ்தல புராணங்களிலும் ஊர்ப் பெயர்களுக்கு இந்த ரகமான விளக்கங்களுக்குக் குறைவில்லை.

ரோம சாம்ராஜ்யம் சரிந்து, ஜனங்கள் பேசிய கொச்சை லத்தீன் மெல்ல மெல்லப் பிரெஞ்சாக உருமாறிய நூற்றாண்டுகளில், புல்காவும் உருமாறிற்று. மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும் லகரம் கரைந்து உகரமாவதும், அகரத்துக்கு முன்னால் நிற்கும் ககர ஓசை ஜகரமாகத் திரிவதும் அந்தக் காலத்து ஒலி மாற்றங்களில் முக்கியமானவை. வெண்மையைக் குறித்த 'ஆல்பா' என்ற லத்தீன் சொல், பொழுது புலர்வதைக் குறிக்கும் 'ஓப்' என்ற பிரெஞ்சுச் சொல்லாக ஆனது முதல் விதியினால். காலைக் குறிக்கும் 'காம்பா', 'ஜாம்ப்' ஆனது இரண்டாவது விதியினால். இரண்டு விதிகளும் ஒருங்கே தாக்கியதால் புல்கா 'பூஜ்' ஆயிற்று. சிறிய பொருளைச் செல்லமாகக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் சேர்க்கும் 'எத்' என்ற விகுதி அதன் வாலில் ஒட்டிக்கொள்ளவே, 'பூஜெத்' என்று, அதாவது சிறு தோற்பை என்று, ஒரு புதுச் சொல் பிறந்தது. பெரிய பையாகிய 'பூஜ்' தனியாகவும் ஆங்கிலத்துக்குள் போய், உப்பிப் புடைத்தலைக் குறிக்கும் 'பல்ஜ்' என்ற சொல்லாக நிலைத்துவிட்டது. பணம் நிறைந்த பை புடைத்திருக்கும் என்பது அநுபவ சித்தமாதலால், ஒரே குலத்தில் பிறந்த இந்த இரண்டு சொற்களின் உறவு நமக்கு அவ்வளவு ஆச்சரியத்தை உண்டாக்காது.

1066-இல் நார்மண்டிப் பிரபுவாகிய வில்லியம் இங்கிலாந்தை வென்று முடி சூடியதிலிருந்து வெகுகாலம் வரை, அரண்மனையிலும் நியாயஸ்தலங்களிலும் பிரெஞ்சே கோலோச்சியது. குடியானவர்கள் மாத்திரம் தங்கள் பழைய ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்விரண்டும் கலந்து இன்றைய ஆங்கிலம் திரண்டபோது, ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் அதனுள் இடம் பிடித்தன. நம் தோற்பையும் பதினைந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆங்கில எழுத்தில் தலை காட்டுகிறது. அதன் எழுத்துக்கூட்டு ஒரு நிலையில் நில்லாமல் 'பொகெட்' என்றும் 'பௌகெட்' என்றும் பலவாறாக அலைந்து, கடைசியில்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. தண்ணீர் சுமக்கும் தோல் துருத்தியையும் இப்பெயரால் வழங்கினார்கள். ஒரு குறுக்குக் கட்டையின் இரண்டு முனைகளிலும் இரண்டு துருத்திகள் தொங்குவதுபோல் வரைந்த சித்திரம் பிரபுக்களின் குலச் சின்னங்களில் ஒன்றாக இருந்தது. தே ரோஸ் வம்சத்தாரின் சிவப்புக் கேடயத்தில் இப்படிப்பட்ட துருத்திகள் மூன்று வெள்ளை நிறத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பட்ஜெட் என்ற சொல்லுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் ராஜ மரியாதை அதுதான் என்று சொல்ல வேண்டும்.

மற்றபடி அது ஏழை எளியவர்களின் சொல்லாகவே இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'விண்டர்ஸ் டேல்' நாடகத்திலே, நாடோடியும் திருடனுமாகிய ஆட்டோலிகஸ் பாடும் பாட்டில், ஊர் ஊராகத் திரிந்து பாத்திரங்களின் ஓட்டையை அடைக்கும் தொழிலாளி சுமக்கும் பன்றித்தோல் பைக்குப் பட்ஜெட் என்றே பெயர். பையின் பெயர் பையிலுள்ள சரக்குக்கும் ஆகி வருவது எல்லாப் பாஷைகளிலும் உள்ள இயல்பு. அந்த இயல்பின்படி, பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் பட்ஜெட் என்பது ஒரு கட்டு, ஒரு மூட்டை, ஒரு குவியல் என்ற அர்த்தங்களையும் பெற்று, செய்திகளின் பட்ஜெட், கடிதங்களின் பட்ஜெட் என்றெல்லாம் வழங்கலாயிற்று. நரியும் பூனையும் சந்திக்கும் பழைய ஈசாப் கதையை ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் ஆங்கிலத்தில் எழுதியபோது, வேட்டை நாய்கள் துரத்தி வந்த சமயத்தில் பூனை தனக்குத் தெரிந்த ஒரே வித்தையாகிய மரமேறுதலைச் செய்து பிழைத்துக்கொண்டதென்றும், ஆயிரம் தந்திரம் தெரிந்த நரிக்கோ தன்னுடைய தந்திரங்களின் பட்ஜெட் முழுவதும் உதவாமற் போயிற்றென்றும் எழுதினார். 1755-இல் வெளிவந்த தம் பேரகராதியில் சாமுவேல் ஜான்ஸன் இந்தச் சொல்லுக்கு இரண்டே அர்த்தங்களைத் தருகிறார்: சுலபமாகச் சுமக்கக்கூடிய பை என்பது ஒன்று, சேமித்து வைத்த சரக்கு என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஷேக்ஸ்பியரின் பன்றித்தோல் பையையும், இரண்டாவதற்கு லெஸ்ட்ரேஞ்சின் நரியையும் மேற்கோளாகக் காட்டுகிறார். ராஜாங்கத்தின் வரவு செலவு என்ற அர்த்தத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனைக்கும் அந்த அர்த்தம் பிறப்பதற்குக் காரணமான கலகம் அவர் அகராதி வெளிவருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனைக் கலக்கியிருந்தது.

அந்தக் கலகத்தின் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ராபர்ட் வால்போல் 1721 முதல் 1742 வரை இங்கிலாந்தின் ராஜாங்கத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர். அந்நாட்டின் முதல் பிரதம மந்திரி என்று சரித்திரக்காரர்கள் சொல்வது அவரைத்தான். கணக்கில் புலி, ஜனங்களின் மனத்தைவிடப் பேரேட்டை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். அந்த நாளில் புகையிலைக்கும் திராட்சை மதுவுக்கும் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்தார்கள். சரக்கை இரவோடிரவாகக் கடத்திக் கரை சேர்ப்பதும், சுங்க அதிகாரிகளுடன் கூட்டுச் சேர்ந்து எடையைக் குறைத்துக் காட்டுவதும் சர்வ சாதாரணமாக இருந்தபடியால், கஜானாவுக்குச் சேர வேண்டிய பணத்தில் பெரும் பகுதி வழியிலேயே கரைந்துபோயிற்று. இதற்குப் பரிகாரமாக வால்போல் ஒரு யோசனை செய்தார். சரக்கு வந்து இறங்கியதும் அதைச் சர்க்கார் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் பூட்டி வைத்துவிட வேண்டும். வெளிநாட்டுக்கு மறுபடியும் ஏற்றுமதியாகும் சரக்கு வரியின்றிப் போகலாம். உள்நாட்டு விற்பனைக்காக வெளியே எடுக்கும்போது மாத்திரம் 'எக்ஸைஸ்' என்ற உள்நாட்டு வரியைச் செலுத்தினால் போதும். இதனால் கடத்தல் குறையும், வருமானம் பெருகும், நிலச் சுவான்தார்கள் செலுத்தி வந்த நில வரியையும் தளர்த்தலாம் என்பது அவர் கணக்கு.

கணக்கு என்ற அளவில் அதில் பிழை சொல்ல இடமில்லை. இன்றைக்கும் துறைமுகங்களில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு ஏறக்குறைய அதுதான். ஆனால் எக்ஸைஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஆங்கிலேயருக்கு அடிவயிற்றில் கலக்கம் உண்டாகும். துறைமுகத்தோடு நின்றுவிடும் சுங்க அதிகாரி போலல்லாமல், எக்ஸைஸ் அதிகாரி கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நுழைந்து சோதனை போடும் அதிகாரம் படைத்தவன். இன்றைக்குப் புகையிலையில் ஆரம்பித்தால், நாளைக்கு ரொட்டிக்கும் இறைச்சிக்கும் வரி போட்டு, வீட்டுச் சமையற்கட்டு வரையில் வந்துவிடுவான் என்ற பீதியை எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். கொடுங்கோன்மையில் வாடிய பிரெஞ்சுக் குடியானவன் தோற் செருப்புக்கு வழியில்லாமல் அணிந்ததாகச் சொல்லப்பட்ட மரக்கட்டைச் செருப்பு, அந்தக் கிளர்ச்சியின் அபாயச் சின்னமாக ஊரெங்கும் பேசப்பட்டது. பின்னால் ஜான்ஸனே தம் அகராதியில் எக்ஸைஸ் என்பதற்கு, ஜனங்கள் வெறுக்கும் வரி என்று நிர்த்தாட்சண்யமாகப் பொருள் எழுதினார் என்றால், அந்த வெறுப்பு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான், 1733-இல், 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. அதை எழுதியவர் வில்லியம் புல்ட்னி என்று கருதப்படுகிறது. ஒரு காலத்தில் வால்போலுக்கு நெருங்கிய சகாவாக இருந்து, உயர்ந்த பதவி கிட்டாமையால் விலகி, பிற்பாடு அவருக்குத் தீராத சத்துருவாக மாறியவர் இந்தப் புல்ட்னி. போலிங்புரோக் பிரபுவோடு சேர்ந்து 'கிராஃப்ட்ஸ்மன்' என்ற பத்திரிகையை 1726-இல் தொடங்கி, வாரந்தவறாமல் மந்திரியை வாட்டி வந்தவர். அக்காலத்துச் சந்தைகளில், உயர்ந்த பலகைமேல் ஏறி நின்று, பக்கத்தில் ஒரு கோமாளியை வைத்துக்கொண்டு, எந்த வியாதிக்கும் ஒரே மருந்து என்று கூவி விற்கும் போலி வைத்தியர்கள் ஏராளமாக உண்டு. கூட்டம் சேருகிற வரையில் வித்தை காட்டிக்கொண்டிருந்துவிட்டு, தக்க சமயம் பார்த்துத் தோற்பையை அவிழ்த்து மருந்துப் பொட்டலங்களை வெளியே எடுப்பது அவர்கள் சாமர்த்தியம். வால்போல் தம் வரித் திட்டத்தின் விவரத்தைச் சொல்லாமல் மாதக்கணக்கில் பூடகமாகவே வைத்திருந்ததும், இதோ நாட்டின் நோய்க்கெல்லாம் ஔஷதம் வரப்போகிறது என்று அவர் ஆட்கள் பறை சாற்றியதும் அந்த வைத்தியனின் வேஷத்துக்கு அச்சாகப் பொருந்தின. ராஜாங்க வைத்தியர் கடைசியில் பையைத் திறந்துவிட்டார், அவருடைய கோமாளிகள் ராஜ்யமெங்கும் பொட்டலங்களை விநியோகிக்கிறார்கள், இந்த அரசியல் கண்கட்டு வித்தை தமக்கு விளங்கவில்லை என்ற தோரணையில் அந்தப் பிரசுரம் ஏளனம் செய்தது.

ஏளனம் பலித்தது. மார்ச் மாதத்தில் கொண்டுவந்த மசோதாவுக்கு, ஓட்டெடுப்புக்கு ஓட்டெடுப்பு ஆதரவு தேய்ந்துகொண்டே வருவதைக் கண்ட வால்போல், ஏப்ரல் மாதத்தில் அதைக் கைவிட்டார். லண்டன் வீதிகளில் தீப்பந்தமும் மணியோசையுமாகக் கொண்டாட்டம் நடந்தது. மந்திரியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். மசோதா போன இடம் தெரியவில்லை. ஆனால் அதைக் கிண்டல் செய்வதற்காக எடுத்துச் சுழற்றிய சொல் மட்டும் போகவில்லை. 1764-இல், மந்திரி கிரென்வில்லின் நிதி நிர்வாகத்தைத் தாக்கி எழுதிய ஒரு பிரசுரம் 'பட்ஜெட்' என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாகத் தாங்கி வெளிவந்திருப்பதைப் பார்த்தால், அதற்குள் விளக்கம் எதுவும் தேவைப்படாத அளவுக்கு அந்தச் சொல் ராஜாங்கக் கணக்கின் பெயராகப் பதிந்துவிட்டது தெரிகிறது. நிதி மந்திரி சபையில் கணக்குச் சொல்ல எழுந்தால், பட்ஜெட்டைத் 'திறக்கிறார்' என்றே சொன்னார்கள்.

பட்ஜெட் என்ற பெயர், மந்திரி தம் காகிதங்களைச் சபைக்கு ஒரு தோற்பையில் கொண்டுவந்த வழக்கத்தால் ஏற்பட்டது என்றுதான் பொதுவாக எல்லோரும் சொல்லிவருகிறார்கள். கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கிறது. என்றாலும், இந்த அர்த்தத்தில் சொல் வழங்கியதற்குக் கிடைக்கும் முதல் சாட்சியம் போலி வைத்தியனின் பையாக இருக்கும்போது, மந்திரியின் பையைத் தேடி அலைய வேண்டிய அவசியம் என்ன என்பது எனக்கு விளங்கவில்லை. சொல் கௌரவம் அடைந்த பிறகு, அதற்கேற்ற கௌரவமான பூர்வ கதை ஒன்று சிருஷ்டிக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. புதுப் பணக்காரர்கள் வம்சாவளி எழுதுவித்துக்கொள்வது உலகத்துக்குப் புதிதல்லவே.

பின்னால் வந்த மந்திரிகள் அந்தக் கதையை மெய்யாக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் கிளாட்ஸ்டனுக்கென்று செய்யப்பட்ட, செந்தோல் போர்த்து உள்ளே கறுப்புப் பட்டு வைத்த மரப்பெட்டியை, அவருக்குப் பின் வந்த நிதி மந்திரிகள் சிலர் நீங்கலாக ஏனையோரெல்லாம் 2010 வரையில் பரம்பரைச் சொத்தாகக் கைமாற்றிக்கொண்டு வந்தார்கள். பட்ஜெட் தினத்தன்று டௌனிங் தெரு 11-ஆம் எண் வீட்டு வாசலில் நின்று பெட்டியை உயர்த்திக் காட்டுவது ஒரு சம்பிரதாயம். ஜார்ஜ் வார்ட் ஹண்ட் என்ற மந்திரி சபையில் எழுந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே பிரசங்கம் இல்லாமல், வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது தெரிந்து விழித்தார் என்று ஒரு கதை உண்டு. வாசலில் காட்டும் சம்பிரதாயமே அதனால்தான் ஏற்பட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கிளாட்ஸ்டனின் 1853-ஆம் வருஷத்துப் பிரசங்கம் 4 மணி 45 நிமிஷம் நீடித்தது. 1867-இல் டிஸ்ரேலி 45 நிமிஷத்தில் முடித்துவிட்டார். சபையில் வேறெவருக்கும் இல்லாத சலுகையாக, பட்ஜெட் படிக்கும் மந்திரி மட்டும் மது அருந்தலாம் என்ற வழக்கமும் உண்டு. கிளாட்ஸ்டன் முட்டை அடித்துக் கலந்த ஷெர்ரி மதுவைப் பருகி அத்தனை நேரம் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டார். 1947 நவம்பரில் ஹியூ டால்டன், சபைக்குள் நுழையும் தறுவாயில் பழக்கமான பத்திரிகை நிருபர் ஒருவரிடம் வரி விவரங்கள் சிலவற்றைச் சொல்லிவிட, மந்திரி சபையில் அதைச் சொல்வதற்குள் மாலைப் பத்திரிகை அச்சாகி வெளியே வந்துவிட்டது. பையின் வாயைச் சில நிமிஷம் முன்னதாக அவிழ்த்த குற்றத்துக்காக அவர் மறுநாளே பதவியை இழந்தார்.

இதற்கிடையில் சொல் தன் பிறந்தகத்துக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தது. பிரெஞ்சு தேசத்தில் மன்னரின் வரவு செலவு என்பது மன்னருக்கும் அவர் மந்திரிகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாகவே வெகுகாலம் இருந்தது. 1781-இல் நெக்கர் என்ற நிதி மந்திரி அந்தக் கணக்கை அச்சிட்டு வெளியிட்டபோது, ஜனங்கள் அதைக் கதைப் புத்தகம் போல வாங்கிப் படித்தார்கள். அவருடைய கணக்கிலும் மறைத்தவை பல உண்டு என்பது வேறு விஷயம். ஜனப் பிரதிநிதிகளின் சம்மதத்தோடு வரி விதித்து, செலவுக்கும் அவர்களிடமே அநுமதி பெறும் ஆங்கில முறையைப் பற்றி எழுதப் புகுந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலிருந்தே பட்ஜெட்டை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பிரான்ஸின் சொந்தக் கணக்குக்கே சர்க்கார் பெயராகிவிட்டது. வீட்டை விட்டுப் போகும்போது 'பூஜெத்' என்று போன பெண், நானூறு வருஷம் கழித்து வேற்று நாட்டு நடையுடை பாவனையோடு திரும்பி வந்தபோது பிறந்த வீட்டார் அவளை அடையாளம் காணவில்லை; கடைசி எழுத்தை விழுங்கி 'புட்ஜே' என்று, புது விருந்தாளியை அழைப்பதுபோல் அழைத்தார்கள்.

நிதி சம்பந்தமான ஆங்கிலச் சொற்களில் இப்படிப் பையும் கூடையுமாக இருப்பது பட்ஜெட் ஒன்றுதானா என்று பார்த்தால், உறவினர் கூட்டமே இருக்கிறது. ராஜாங்க நிதியைப் பற்றியதென்ற பொருளில் வழங்கும் 'ஃபிஸ்கல்' என்ற கம்பீரமான அடைமொழி, 'ஃபிஸ்கஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு ஆதியில் பிரம்புக் கூடை என்று அர்த்தம். பணம் போட்டு வைக்கும் கூடையாகி, பிறகு ரோமச் சக்கரவர்த்தியின் கஜானாவாகி, அந்த நிலைக்கு உயர்ந்தது. தோலைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் 'புர்ஸா' என்று பணப்பையாகி, ஆங்கிலத்தில் 'பர்ஸ்' என்றும், பிரெஞ்சில் பங்கு மார்க்கெட்டைக் குறிக்கும் 'பூர்ஸ்' என்றும் இரண்டு வழிகளில் பிரிந்தது. 'ஃபைனான்ஸ்' என்பதோ முடிவு என்று பொருள்படும் 'ஃபீனிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழித்தோன்றல். கடனைத் தீர்த்துக் கணக்கை முடித்தல் என்பது அதன் பழைய பிரெஞ்சு அர்த்தம். கடன் தீர்வது என்ற பொருளில் பிறந்த சொல்லை, இன்று கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் தங்கள் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் நிதி மந்திரிக்கு வழங்கும் பட்டத்திலுள்ள 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லுக்குச் சதுரங்கப் பலகை என்று அர்த்தம்; பாரசீகத்தின் 'ஷா' என்ற அரசர் பெயர் சதுரங்கத்தோடு ஐரோப்பா சென்று, லத்தீனிலும் பிரெஞ்சிலும் புரண்டு அந்த வடிவத்தை அடைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கஜானா அதிகாரி எழுதிய நூலில் அந்தப் பலகையின் வர்ணனை இருக்கிறது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமுமான மேஜைமேல், கோடு கிழித்த கறுப்புத் துணியை விரித்திருப்பார்கள். பென்ஸுக்கு ஒரு வரிசை, ஷில்லிங்குக்கு ஒரு வரிசை, பவுனுக்கு ஒரு வரிசை என்று காய்களை வைத்தும் நகர்த்தியும், எழுத்தறியாத மாகாண அதிகாரியின் கண்ணெதிரிலேயே அவன் செலுத்த வேண்டிய தொகையையும் செலுத்திய தொகையையும் எதிரெதிராகக் காட்டிவிடுவார்கள். எழுத்தும் கணக்கும் அறிந்தவர்கள் சொற்பமாயிருந்த காலத்தில், இதைவிடத் தெளிவான தணிக்கை முறை இருந்திருக்க முடியாது.

பட்ஜெட் இந்தியாவுக்கு வந்தது, 1857-ஆம் வருஷத்துப் பெருங்கலகம் அடங்கிய கையோடு. கலகத்தை அடக்கிய செலவினால் கடன் மலைபோல் ஏறிவிட்டதைக் கண்டு, நிதி நிர்வாகத்தைச் சீர்படுத்துவதற்கென்று ஜேம்ஸ் வில்ஸனை லண்டனிலிருந்து அனுப்பி வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து, தொப்பி வியாபாரம் செய்து, 1843-இல் 'எக்கானமிஸ்ட்' பத்திரிகையை நிறுவியவர் அவர். 1860-இல் கல்கத்தாவில் அவர் சமர்ப்பித்ததே இந்தியாவின் முதல் பட்ஜெட். நம் மக்களுக்கு வருமான வரி என்ற ஒன்றை அறிமுகம் செய்துவைத்ததும் அதுதான். வருஷம் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை வருமானமுள்ளவர்கள் நூற்றுக்கு 2, அதற்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 4 செலுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர், மெக்காலேயின் மைத்துனரும், பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவருமான சார்லஸ் டிரெவெல்யன். படைச் செலவைக் குறைத்தாலே போதும், புது வரிகள் அநாவசியம், ஜனங்கள் பொறுக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அபிப்பிராயத்தைக் கல்கத்தாவுக்கு எழுதி அனுப்பியதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அதைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்துவிட்டார். கவர்னரே சர்க்காரின் வரியை ஊரறியக் கண்டிப்பதா என்று கோபித்து, லண்டன் அதிகாரிகள் அவரை அந்த ஆண்டிலேயே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்ஸனும் நெடுநாள் இருக்கவில்லை. வந்து ஒரு வருஷம் ஆவதற்குள், 1860 ஆகஸ்டில், வயிற்றுக்கடுப்பினால் கல்கத்தாவிலேயே காலமானார். விதியின் விளையாட்டைப் போல, சில ஆண்டுகளில் டிரெவெல்யனே இந்தியாவின் நிதி மெம்பராகத் திரும்பி வந்தார். அவர் எதிர்த்த வருமான வரி 1865-இல் காலாவதியாக விடப்பட்டது. அது நிரந்தரமாக வந்து குடியேறியது பிற்பாடு, 1886-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார், தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர் என்று நம்மவர்கள் அவரை வேறு விதத்திலும் அறிவார்கள். 1947 நவம்பர் 26-ஆம் தேதி, அதாவது டால்டன் லண்டனில் பதவி இழந்த அதே மாதத்தில், ஏழரை மாதத்துக்கு மட்டுமான அந்தப் பட்ஜெட்டை அவர் படித்தார்: வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் தோற்பெட்டியும், மாலை 5 மணி முகூர்த்தமும் வெகுகாலம் தொடர்ந்தன. 1999-இல் யஷ்வந்த் சின்ஹா நேரத்தைக் காலை 11 மணிக்கு மாற்றினார். 2019-இல் நிர்மலா சீதாராமன் தோற்பெட்டியை விட்டுவிட்டு, வடநாட்டு வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தைப் போலச் சிவப்புத் துணியில் கட்டிய பொதியை ஏந்தி வந்தார். மேல்நாட்டு அடிமை மனப்பான்மையை உதறுவதற்கு இது அடையாளம் என்று காரணம் சொல்லப்பட்டது. அடையாளம் நல்லதே, ஆனால் அந்தப் பையை முதலில் தைத்தவர்கள், ஜூலியஸ் சீஸரிடம் நாட்டைப் பறிகொடுத்து, தாங்களே அடிமைப்பட்டுப் பாஷையையும் இழந்த கல்லியர்கள் என்பதை நினைத்தால், அந்தக் குற்றச்சாட்டில் பைக்குக் கொஞ்சம் அநீதி இழைக்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

தமிழில் இதற்கு வரவு செலவுத் திட்டம் என்றும் நிதிநிலை அறிக்கை என்றும் பெயர்கள் ஏற்பட்டிருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் 'பாதீடு' என்றும் வழங்குகிறார்கள். பகுத்துக் கொடுத்தல் என்ற பொருளுடைய அந்தச் சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பகைவர் நாட்டிலிருந்து கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது வெட்சித் திணையில் பாதீடு எனப்படும். யாரிடமிருந்து கவர்ந்து யாருக்குப் பங்கிடுவது என்ற கேள்வியே வரவு செலவுத் திட்டத்தின் சாராம்சமாக இருக்கிறபடியால், இதைத் தேர்ந்தெடுத்தவர்களின் ரசனையை மெச்சத்தான் வேண்டும். எழுதும்போது இவற்றை எழுதினாலும், பேசும்போது நாம் பட்ஜெட்டையே பேசுகிறோம். மாசக் கடைசியில் வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுகிறது; கல்யாண பட்ஜெட் கை மீறிப் போகிறது; சினிமாவிலே பெரிய பட்ஜெட் படம், சின்ன பட்ஜெட் படம் என்று சாதி பிரித்திருக்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதை மலிவு என்ற பொருளில் அடைமொழியாகவும் ஆக்கிவிட்டபடியால், ரயிலடிக்கு எதிரே உள்ள விடுதிப் பலகையில் 'பட்ஜெட் ஓட்டல்' என்று எழுதியிருந்தால், வழிப்போக்கன் பொருள் விளங்கிக்கொண்டு, பையைக் கீழே வைத்து வாடகை எவ்வளவு என்று விசாரிக்கிறான்.